மேலே இருக்கும் எழுதுவினைஞரைக் கூண்டில் ஏற்றலாமா?

யாழ்ப்பாணத்து நீதிமன்றப் பதிவகத்தில் வேலை பார்த்த காலத்தில் சனம் என்னிடம் அதிகம் கேட்டது, "வழக்கேடு எப்ப வரும்?" என்பதுதான். மேன்முறையீடு செய்தால் ஏடு மேலே போய்விடும். அங்கே தீர்ப்பானபின் அது திரும்பி வந்தால்தான் மற்ற அலுவல் நடக்கும். காணிப் பங்கு வழக்கென்றால் சொல்லவே வேண்டாம், வேலிச் சண்டை அதுபாட்டுக்கு நடக்கும்.

ஒரு தவணையில் சட்டத்தரணி ஒருவர் பொறுமை இழந்தார். ஏட்டை வைத்திருக்கும், மேன்முறையீட்டைக் கேட்ட மேல் நீதிமன்றத்தின் எழுதுவினைஞரை (கிளாக்கை) அழைத்து விளக்கம் கேட்க வேண்டும் என்றார். நீதிபதி மறுத்துவிட்டார். அந்த நீதிமன்றப் பதிவாளருக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்பச் சொன்னார், அவ்வளவுதான்.

"என்ன தம்பி, நீதிபதி சொல்லியும் ஒரு கிளாக் கேக்கமாட்டாரோ?" என்றார் வழக்காளி.

அந்தக் கிளாக் எங்கள் நீதிபதியின் அதிகாரத்தில் இல்லை. நீதிமன்ற ஊழியர்களின் நியமனம், ஒழுக்காற்று, பதவி நீக்கம் எல்லாம் இலங்கை அரசியலமைப்பின்படி நீதிச் சேவை ஆணைக்குழுவிடம். பிரதம நீதியரசரும், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் இருவரும் அதில் இருப்பார்கள். எங்கள் நீதிபதியால் என்னையே வேலையிலிருந்து தூக்க முடியாது, முறையிடத்தான் முடியும். அப்படியிருக்க மேலே உள்ளவரை எப்படி? நீதிமன்ற அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரமும் கீழ்நோக்கித்தான் நீள்கிறது. கீழ் நீதிமன்றத்தை அவமதித்தவரை மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது 105 ஆவது உறுப்புரை. கீழ் நீதிமன்றம் தன் முன்னால் நடப்பதைத் தண்டிக்கலாம். இன்னொரு பதிவகத்தின் தாமதம் அதில் அடங்காது. இந்தியாவிலும் 229 ஆவது உறுப்புரை உயர்நீதிமன்ற ஊழியர் நியமனத்தை அதன் தலைமை நீதிபதியிடமே விட்டிருக்கிறது.

இது பதவிக்கான காப்பு, ஆளுக்கானது அல்ல. அதே எழுதுவினைஞர் களவெடுத்தால் நீதவான் முன்னால் நிற்கத்தான் வேண்டும்.

இந்த எல்லை சரியென்றே எனக்குப் படுகிறது. தன் தீர்ப்பு மேலே ஆராயப்படும்போது, அந்த ஏட்டை வைத்திருப்பவரைக் கீழே இருப்பவர் கூப்பிட்டு அதட்டலாம் என்றால் மேன்முறையீட்டுக்கு என்ன மதிப்பு? (எங்கள் நீதிபதி அப்படிப்பட்டவர் அல்ல, சட்டம் எல்லாரையும் நினைத்துத்தானே எழுதப்படுகிறது.)

என் கோபம் வேறு. அந்த வேண்டுகோள் கடிதத்துக்கு எத்தனை நாளுக்குள் பதில் வரவேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நினைவூட்டல்கள் போனபிறகுதான் ஏடு வந்தது. அதற்குள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு முறைப்பாடு எழுதலாம் என்று வழக்காளியிடம் சொல்லியிருந்தேன். "அது கொழும்புக்கெல்லோ போகும்" என்று தலையைச் சொறிந்தவர், அடுத்த தவணைக்குக் கடிதத்தோடுதான் வந்தார்.