பிளாஸ்டிக் வாளிக்குப் போன டிவி கேம்

"நிசெமோனோ" என்றார் எங்கள் அலுவலகத்துப் பெரியவர். ஐம்பதைத் தாண்டியவர். விசிட்டிங் கார்டு வாங்குவது போல இரண்டு கையாலும் என் டிவி கேம் கேசட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். போலி என்று அர்த்தம். அம்மா அதைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி, ஒரு கிலோ இட்லிப் பொடிக்கும் மோர் மிளகாய்க்கும் நடுவில் வைத்து, ஊரிலிருந்து வந்த நண்பனின் பெட்டியில் மதுரையிலிருந்து டோக்கியோ வரைக்கும் அனுப்பியிருந்தார். கேசட் முழுக்கப் பொடி வாசனை. மனுஷன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான், அதுதான் கடுப்பு.

நான் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது, நிஷி கசாயில் வீடு. செட்டில் ஆகிவிட்டேன் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறேன், ரயிலில் போன் பேசுவதில்லை, எந்தக் கிழமை எந்தக் குப்பை என்பது மனப்பாடம், உளுந்துக்கும் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லாத ஏரியா வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய சாமான் கடைகளுக்குப் போய்விடுகிறேன். அங்கே 'ஜன்கு' என்று ஒரு மூலை இருக்கும். ஓடுமா ஓடாதா என்பதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை, வாங்கினால் திருப்பித் தர முடியாது. ஒயர், ரிமோட், டேப் ரெக்கார்டர் எல்லாம் கூடை கூடையாகக் கிடக்கும். சித்திரைத் திருவிழாக் கடையில் அத்தைகள் வளையல் பொறுக்குவார்களே, அது மாதிரி குனிந்து கிளற வேண்டும்.

முதல் தடவை போனபோது என்ன தேடுகிறேன் என்று சொல்ல எனக்கு ஜப்பானிய வார்த்தை தெரியவில்லை. கட்டை விரலால் பட்டனை அமுக்குவது போலக் காட்டினேன். கடைக்காரப் பையன் "ஆ, தெரெபி கேமு? கசெட்டோ?" என்றான். டிவி கேம், கேசட்! மதுரையில் நாங்கள் சொன்ன அதே ரெண்டு வார்த்தை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் கன்சோல், கார்ட்ரிட்ஜ் என்று எழுதுவதைப் படித்து, நாம்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் போல என்று இருபது வருஷமாகக் கூச்சப்பட்டிருக்கிறேன். அந்தப் பையனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. இந்த ஊரில் அதெல்லாம் வழக்கமில்லை.

அன்றைக்கு வாங்கியதுதான் ஃபமிகோன். நின்டென்டோ 1983 ஜூலையில் 14,800 யென்னுக்கு விற்க ஆரம்பித்த சிவப்பு வெள்ளைப் பெட்டி. ரெண்டாவது கன்ட்ரோலரில் ஒரு குட்டி மைக் இருக்கும், கேசட்டை வெளியே தள்ள நடுவில் ஒரு நெம்புகோல். கன்ட்ரோலர் ஒயர் கழற்ற முடியாதபடி பெட்டியோடு சேர்ந்தது, அதுவும் குட்டை ஒயர். டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். கண்ணு கெட்டுப் போகும் என்று திட்டத்தான் இங்கே ஆள் இல்லை. டப்பா டிவி கிடைத்தது தனிக்கதை, விடுங்கள். 2011 ஜூலையோடு அநேகமாக ஜப்பான் முழுக்க அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டதால் அதைத் தேடுகிறவர்கள் என்னைப் போன்ற கிறுக்கர்கள் மட்டும்தான்.

கேசட்டுகள் சேர ஆரம்பித்தன. சிலவற்றின் பின்பக்கம் மார்க்கர் பேனாவில் பெயர் எழுதியிருக்கும். ஒன்றில் 'மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு' என்று எழுதி, கீழே கோணல் எழுத்தில் ஒரு பெயர், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் நசுங்கியிருக்கிறது. இரவல் கொடுத்தால் திரும்பி வர வேண்டுமே. அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினேன். "பாத்திரத்துல பேர் வெட்டுற மாதிரியா?" என்றார். அதேதான். எங்கள் வீட்டு எவர்சில்வர் குடம் எத்தனை கல்யாணத்துக்குப் போனாலும் அப்பத்தா பெயரோடு வீடு திரும்பியிருக்கிறது. என் டிவி கேமில்தான் யாரும் பெயர் வெட்டவில்லை.

வெட்டியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. 1998-ல் அப்பா ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனவர் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்த பெட்டி. சாலிடேர் டிவியில் சேனல் டியூன் செய்து படம் வர வைப்பதற்குள் தெருப் பையன்கள் பாதிப் பேர் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். மே மாதம் முழுக்க மரியோ, டேங்க், வாத்து சுடுவது. அடாப்டர் கொதித்துப் போனால் அரை மணி நேரம் இடைவேளை. கேசட் வேலை செய்யவில்லை என்றால் ஊதுவது. (ஊதக்கூடாதாம், எச்சில் ஈரத்தில் உள்ளே இருக்கும் உலோகப் பல் அரித்துப் போகுமாம். கழற்றித் திரும்பச் செருகியதால்தான் வேலை செய்திருக்கிறது, மூச்சால் இல்லை. ஜப்பானில் சின்னப் பிள்ளையாக இருந்தவர்களும் ஊதித்தான் இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன்.) ஞாயிறு மத்தியானம் மட்டும் ஊமைப் படம். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அப்பா தூங்குவார்.

நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. பச்சை வாளி. இதை நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? தீபாவளிக்குப் போன் செய்தாலும் சொல்வேன், பொங்கலுக்கும் சொல்வேன். என் கல்யாணத்தன்று மணமேடையில் சொன்னதாக மனைவி சாட்சி சொல்கிறாள். "அந்த வாளி இன்னும் இருக்குடா, கைப்பிடிதான் போச்சு. நீ வாங்கிக் குடுத்த மிக்ஸியே ரெண்டு வருஷம்தான் வந்துச்சு" என்பார் அம்மா. இப்போது என் அலமாரியில் நாலு ஃபமிகோன் இருக்கின்றன. அதில் ரெண்டு ஓடாது. "எத்தனை வாளிக்குச் சமம்?" என்று மனைவி கணக்குப் போடுகிறாள்.

போன மாதம்தான் அம்மா பரணில் முறுக்கு டின்னுக்குள் அந்தக் கேசட் மட்டும் தப்பியிருந்ததைக் கண்டுபிடித்தார். மேலே 9999 இன் 1 என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது விரல் விட்டு எண்ணும் அளவு ஆட்டங்கள்தான். அதையே வேறு பெயரில், வேறு லெவலில் தொடங்குகிற மாதிரி பக்கம் பக்கமாக அடுக்கியிருப்பார்கள். பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி காலி டப்பா, தீப்பெட்டி அளவு பச்சை அட்டை, அதில் புளி உருண்டை மாதிரி கறுப்பாக ஒரு பசைச் சொட்டு. சிப் அதற்குள்ளே. பெரியவர் சொன்ன நிசெமோனோ இதுதான். ஆனால் அவரும் கடைசியில் கேசட்டைத் திருப்பித் தரும்போது மெதுவாக, "இதில் பேட்டில் சிட்டி இருக்கிறதா?" என்று கேட்டார். 1985-ல் நாம்கோ விட்ட ஆட்டம், நம் டேங்க் கேம்தான். செங்கல் சுவருக்குள் கழுகைக் காப்பாற்றுவது. இருபது தடவை இருக்கிறது என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் அந்தப் போலியை அசல் ஃபமிகோனில் செருகினேன். ரெண்டிலும் அறுபது பல்தான். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. மெனுவில் கடற்கரை, பறவைகள், அந்த மெதுவான பாட்டு, எல்லாம் வந்தது. மரியோவைப் போட்டேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடியும் விழுந்தான். பாட்டு விரட்டுகிறது, ஆமைகள் ஓடி வருகின்றன. பெட்டியில் கோளாறு என்றுதான் நினைத்தேன். அப்புறம் புரிந்தது, ஜப்பான் டிவியில் நொடிக்கு 60 படம், நம்மூர் டிவியில் 50. ஆட்டம் அந்தப் படக் கணக்கில்தான் நகரும். நம்மூர் டிவிக்கென்று வந்த பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியிருக்கிறது. மரியோ இத்தனை வேகமானவன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்து வயசில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளம், என் கட்டை விரல் ஒவ்வொரு முறையும் மதுரை நேரத்துக்கே அமுக்குகிறது.

அம்மாவுக்குக் காட்டலாம் என்று வீடியோ கால் போட்டு போனை டிவி பக்கம் திருப்பினேன். இங்கே ஆறு மணி, அங்கே ரெண்டரை. கேசட் ஓடுகிறதா, பொடி கொட்டாமல் வந்ததா என்று எதையும் அவர் கேட்கவில்லை.

"டேய், சத்தத்தைக் குறை. அப்பா தூங்குறாரு."

எழுந்து போய்க் குறைத்தேன்.