பிரிந்தோமா, பிரிக்கப்பட்டோமா

இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியில், கிளிநொச்சியில் என் வேலை, சனம் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது. சத்தியக்கடதாசி, தூதரகத்துக்குப் போகிற கடிதம், வெளிநாட்டில் அகதி அந்தஸ்துக் கேட்டு நிற்கிற பிள்ளைக்காகத் தாய் எழுதுகிற வாக்குமூலம், இப்படியானவை. வன்னியில் இந்த வேலையைச் செய்பவருக்கு விலகுவது, பிரிவது, வெளியேறுவது பற்றிய வினைச்சொற்கள்தான் நாள் முழுக்கத் தேவைப்படும். ஒரு குடும்பத்தின் கதையை, யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய 1995 இலிருந்து சொல்லத் தொடங்கினால், ஒவ்வொரு வசனத்திலும் யாரோ எங்கிருந்தோ வெளிக்கிடுகிறார்கள்.

'வெளிக்கிட்டம்' என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு மிச்சம் விளங்கும். ஷெல் விழுந்ததா, அறிவித்தல் வந்ததா, பக்கத்து வீடு வெறுமையானதைப் பார்த்துக் கிளம்பியதா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. போனவர் தானாகப் போனாரா, யாரும் போக வைத்தார்களா என்பதை அங்கே வினைச்சொல்லே சொல்லிவிடும். அதைப் படிக்கிற அலுவலர் ஒட்டாவாவிலோ ஜெனீவாவிலோ இருப்பார். அவர் வன்னியைக் கண்டதில்லை. அவர் கையில் இருப்பது அந்த வினைச்சொல் மட்டும்தான்.

எல்லாவற்றிலும் கவனமாகக் கையாள வேண்டியது 'செப்பரேட்'. கடைசிச் சண்டை நடந்த கரையோர ஊரைச் சொல்லி, "மாத்தளனில வச்சு நானும் அவரும் பிரிஞ்சிட்டம் தம்பி" என்று ஓர் அம்மா சொல்வார். அதை அப்படியே 'வீ செப்பரேட்டட்' என்று எழுதினால், மனம் ஒத்துவராமல் கணவனும் மனைவியும் தனித்தனியே போய்விட்டார்கள் என்றுதான் ஆங்கிலம் படிப்பவருக்கு விளங்கும். சன நெரிசலில் தவறவிட்டிருந்தால் 'காட் செப்பரேட்டட்' அல்லது 'பிகேம் செப்பரேட்டட்'. சோதனையிடத்தில் ஆளைப் பிடித்து வேறு வரிசையில் விட்டிருந்தால் 'வேர் செப்பரேட்டட்', அதோடு '-ஆல்' என்று பொருள்படும் 'பை' போட்டு யார் பிரித்தது என்றும் எழுத வேண்டும். ஆகவே எழுதுவதற்கு முன் கேட்பேன்: "சனத்துக்குள்ள தவறவிட்டதோ அம்மா, இல்லாட்டி ஆரும் பிரிச்சு விட்டதோ?" இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரம் எடுக்கும். அவசரப்படுத்தக் கூடாது. சில பேருக்கு இரண்டும் நடந்திருக்கும், வெவ்வேறு நாளில், வெவ்வேறு பிள்ளைக்கு. அப்போது இரண்டு வசனம், இரண்டு வினை.

விண்ணப்பப் படிவங்களில் இதே சொல் ஒரு கட்டத்துக்குள் நிற்கும். மணமாகாதவர், மணமானவர், செப்பரேட்டட், விவாகரத்தானவர், துணையை இழந்தவர். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைக் காணாத ஓர் அக்கா வந்திருந்தார். கடையில் உதவிக்கு நிற்கிற பிள்ளை 'செப்பரேட்டட்' கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டார். சொன்னேன். "நான் அவரைப் பிரியேல்லை. அவரும் என்னைப் பிரியேல்லை. கலியாணம் முடிச்சவ எண்டு போடுங்கோ." சரி, அப்படியே போட்டோம். கணவர் எங்கே இருக்கிறார் என்பது 2009 மே தொடக்கம் தெரியாது என்று தனித்தாளில் எழுதிப் பின்னுக்கு இணைத்தோம். அந்தக் கட்டங்களை வரைந்தவர் இப்படி ஒரு வாழ்க்கையை நினைத்திருக்கவில்லை. அதற்காக அக்கா பொய்யான ஒரு கட்டத்துக்குள் போய் நிற்க வேண்டியதில்லை.

'லீவ்' என்பதும் இப்படித்தான். ஊரை விட்டுப் போனால் வெறும் போதல். அதன் பின்னால் ஆளைப் போட்டு 'ஹீ லெஃப்ட் அஸ்' என்றால் கைவிட்டுப் போனான் என்றாகிவிடும். புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைக்கு அந்த வசனம் பொருந்தாது.

'டிஸ்பிளேஸ்' அநேகமாகச் செயப்பாட்டு வினையாகத்தான் வரும். தமிழில் 'இடம்பெயர்ந்தோம்' என்று நாங்களே செய்த காரியம் போலச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'வீ வேர் டிஸ்பிளேஸ்ட்'. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி 1998 இல் வந்த ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகளும், வற்புறுத்தலால் அல்லது வேறு வழியில்லாமல் வீட்டை விட்டு ஓடியவர்கள் என்றே இந்த மக்களை வரையறுக்கின்றன. 'இவாக்குவேட்' என்றால் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் இருக்க வேண்டும், அல்லது வெளியேறச் சொல்லி ஒழுங்கு செய்தவர் இருக்க வேண்டும். 2009 பெப்ரவரி தொடக்கம் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றியதற்கு அந்தச் சொல் சரி. நந்திக்கடல் களப்புத் தண்ணீருக்குள்ளால் பிள்ளையைத் தோளில் வைத்து நடந்து வந்த குடும்பத்துக்குச் சரியில்லை.

அமைப்புகள் போவதற்கு வேறு சொற்கள் உண்டு. பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு அறிவித்ததை அடுத்து, 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள். போகவேண்டாம் என்று சனம் அலுவலக வாசலில் நின்று கேட்டது. 2012 இல் வெளிவந்த ஐ.நா. உள்ளக ஆய்வறிக்கை அதை 'ரீலொகேட்' என்ற சொல்லால் குறிக்கிறது, அலுவலகத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதற்குச் சொல்கிற அதே சொல். அங்கே இருந்தவர்களின் வாக்குமூலத்தை எழுதும்போது நான் 'வித்டிரோ', அதாவது விலகிப் போவது, என்றுதான் எழுதுவேன். வாசலில் நின்றவர்கள் கண்டது இடமாற்றத்தை அல்ல.

படைகளுக்கும் இந்தச் சொல் வரும். தங்கள் படை போனால் 'வித்டிரோ', எதிரியின் படை போனால் 'ரிட்ரீட்', பின்வாங்கி ஓடுவது. செய்தித்தாள் யாருடையது என்று இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ஒரு நாட்டிலிருந்து பிரிந்து தனிநாடாவதைச் சொல்கிற 'செசீட்' எனக்கு வேலைக்கு வந்ததில்லை. 'செப்பரேட்', 'தனி' என்ற பெயரடையாக வருவதுண்டு. அரசியலமைப்பின் 1983 ஆறாம் திருத்தத்தின்படி அரச ஊழியர் எல்லோரும் தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்கிற வசனத்தில் அது இருக்கிறது. அங்கே 'செப்ரட்' என்று குறுக்கிச் சொல்ல வேண்டும், வினையாக வந்தால் 'செப்பரேய்ட்' என்று நீட்ட வேண்டும்.

'வித்டிரோ'வைச் செயப்படுபொருளோடு சேர்த்தால், கொடுத்ததைத் திரும்ப எடுப்பதாகும். வங்கியில் காசு எடுப்பதும் அதுதான், முறைப்பாட்டை மீளப்பெறுவதும் அதுதான். மகனைத் தேடி முறைப்பாடு கொடுத்திருந்த ஓர் ஐயா, "விலகுறன் எண்டு எழுதித் தாங்கோ மகன்" என்று வந்தார். முறைப்பாட்டையா, விசாரணைக்குப் போய்வருவதையா என்று கேட்டேன். "விட்டிட்டன் எண்டில்லை. கால் ஏலாமக் கிடக்கு, கொழும்புக்குப் போய்வர ஏலாது" என்றார். உடல்நிலை காரணமாக விசாரணைக்கு வர முடியாதென்றும், முறைப்பாட்டில் மாற்றமில்லை என்றும், இனிமேல் அழைப்பு வந்தால் மகள் வருவார் என்றும் எழுதி, மகளின் அடையாள அட்டை இலக்கத்தைக் கீழே சேர்த்தோம்.