செம்பு மருந்தும் என் பாசிகளும்

மீன்களில் ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோயைப் பார்த்ததும் பதறிப்போய், கடல்நீர்த் தொட்டியிலேயே செம்பு மருந்தை ஊற்றிவிட்டேன். மீன்கள் பிழைத்தன. பாசிகள் பிழைக்கவில்லை.

குட்டித் திராட்சைக் கொத்துகளாகத் தழைத்திருந்த காலெர்ப்பா என்ற கடற்பாசி நான்காம் நாள் நுனியிலிருந்து வெளுத்தது. விரலால் தொட்டேன், ஊறிய காகிதம்போல் கையோடு வந்தது. பாறைமேல் ஊதாவாகப் படர்ந்திருந்த சுண்ணப்பாசி வெள்ளைத் திட்டுகளாகிவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் மனம் விட்டுப்போனது. அந்த ஊதா படர எத்தனை மாதங்கள் காத்திருந்தேன்!

குளத்துப் பாசியை அழிக்கத் தூவும் செம்பு சல்பேட்டில் இருப்பதும் இதே உலோகம்தான். ஒளிச்சேர்க்கையையே அது முடக்குகிறது. ஒட்டுண்ணியைக் கொல்ல லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அயனிச் செம்பு (நீரில் அயனியாகக் கரைந்த செம்பு) வேண்டும். பல பாசிகளுக்கு அதுவே நஞ்சு. இறால், நத்தை, பவளம் ஆகியவற்றுக்கு இன்னும் கொடியது. செத்த பாசி அழுகினால் அம்மோனியா ஏறும், நோயுற்ற மீன் மறுபடியும் திணறும்.

இன்னொரு சிக்கல்: சுண்ணாம்புப் பாறையும் பவள மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நீரில் மருந்தின் அளவு இறங்கும், பிறகு மெல்லக் கசியும்.

தயவுசெய்து நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். மணலோ பாறையோ வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். செம்பின் அளவை நாள்தோறும் சோதியுங்கள்.

என் தொட்டியில் செம்பை நீக்க இப்போது கரியும் நீர்மாற்றமும் தொடர்கின்றன. சோதனைக் குழாயில் இன்னும் செம்பைக் காட்டும் இளநீலம் தெரிகிறது.