கர்ப்பப்பை பாக்டீரியா டெஸ்ட் எடுத்தேன், என்ன தெரிந்தது?

எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறது, ஐவிஎஃப் போகலாம் என்று முடிவானதும் ஏஎம்எச் (சினைமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு என்று நீளும் பட்டியலின் கடைசியில் இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: கர்ப்பப்பை மைக்ரோபயோம் டெஸ்ட். உள்ளே எந்தெந்த பாக்டீரியா குடியிருக்கிறது என்று டிஎன்ஏவை வைத்துப் பார்ப்பது. விலை சாதாரண ரத்தப் பரிசோதனைகள் பத்தைச் சேர்த்தாலும் எட்டாத விலை. நான் எடுத்தேன். எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முன்கதை பலருக்கும் இருப்பதுதான். பள்ளிக்கூடத்திலிருந்தே வலி, மெஃப்டால் ஸ்பாஸ் போடாமல் ஒரு பரீட்சை எழுதியதில்லை, கல்யாணம் ஆனா சரியாயிடும் என்று சொல்லாத பெரியம்மா கிடையாது. கல்யாணமும் ஆனது, வலி அப்படியே இருந்தது. முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஒருவர் ஒழுங்காக ஸ்கேன் பார்த்து இடது சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்கிய எண்டோ கட்டி) இருப்பதைச் சொன்னார். எம்ஆர்ஐ, லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், நான்கு நிலைகளில் ஸ்டேஜ் 3. (இன்சூரன்ஸ் இருப்பவர்கள் பாலிசியில் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள், எண்டோமெட்ரியோசிஸுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் போட்டிருப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் குழந்தையின்மை என்ற சொல் இருந்தாலே கேள்வி மேல் கேள்வி வரும்.)

ஆபரேஷனுக்குப் பிறகு கருத்தரிப்பு மையத்துக்குப் போனோம். அங்கே கவுன்சலிங் செய்த பெண், "எண்டோ பேஷன்ட்ஸுக்கு கெட்ட பாக்டீரியா அதிகமா இருக்கும் மேடம், அதை க்ளியர் பண்ணிட்டு எம்ப்ரியோ வெச்சா சான்ஸ் கூடும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருந்தன, மூன்றும் ஒரே அளவு உறுதியானவை அல்ல. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

எண்டோ இருப்பவர்களுக்கு பாக்டீரியா வேறுபடுகிறதா? வேறுபடுவதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அதிகம் பேசப்பட்டது ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் செய்தது, 2023 ஜூனில் வெளியானது. எண்டோ உள்ள பெண்களில் 64% பேரின் கர்ப்பப்பை உட்சுவரில் ஃபுசோபாக்டீரியம் இருந்தது, எண்டோ இல்லாதவர்களில் 10%-க்கும் குறைவு. இது வழக்கமாக வாயில், பல் ஈறில் இருக்கும் பாக்டீரியா. எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது எண்டோ திசுக்கள் பெருகின, ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது குறைந்தன. படித்ததும் எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தது, இத்தனை வருட வலிக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ்தான் பதிலா என்று. ஆனால் மருந்து வேலை செய்தது எலியில். இன்னொரு பக்கம், துருக்கியில் செய்து 2019-ல் வெளியான ஆய்வில் ஸ்டேஜ் 3, 4 நோயாளிகள் 14 பேரையும் மற்றவர்கள் 14 பேரையும் ஒப்பிட்டார்கள். அதில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசங்களில் ஒன்று, எண்டோ உள்ளவர்களின் யோனியிலும் கர்ப்பப்பை வாயிலும் அட்டோபோபியம் என்ற பாக்டீரியா காணவே இல்லை என்பது. இத்தனைக்கும் அது பாக்டீரியல் வஜைனோசிஸில் (யோனியின் பாக்டீரியா சமநிலை குலைவதில்) பெருகும் வகை, அதாவது அந்த கவுன்சலர் சொன்ன 'கெட்ட' வகை. ஆக, எது கூடுகிறது எது குறைகிறது என்பதிலேயே ஆளுக்கொரு பதில். அப்புறம் பாக்டீரியாவால் நோய் வந்ததா, நோயின் அழற்சியால் பாக்டீரியா மாறியதா என்ற கேள்வி வேறு.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் எடுத்தேன் என்றால், ஐவிஎஃபில் உள்ளே போய்விட்டால் எதையாவது விட்டுவிட்டோமோ என்ற பயம் வந்துவிடும். அதற்குக் கொடுத்த காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் தேதியில். மாதவிலக்கு தொடங்கி 15-ஆம் நாளிலிருந்து 25-ஆம் நாளுக்குள் மாதிரி எடுக்க வேண்டும் என்றார்கள். நான் எண்டோவுக்கான ஹார்மோன் மாத்திரை டயனோஜெஸ்ட் 2 மி.கி. போட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு மாதவிலக்கே இல்லை, எந்த நாளிலிருந்து எண்ணுவது? வரவேற்பில் இருந்தவருக்குத் தெரியவில்லை, லேப்காரர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதவிலக்கு வரும்வரை காத்திருந்தோம். ஹார்மோன் மாறினால் பாக்டீரியாவும் மாறக்கூடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. டயனோஜெஸ்ட் போடுகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு மாதம் ஆன்டிபயாட்டிக் கூடாது, இரண்டு மூன்று நாள் தாம்பத்தியம் கூடாது, உள்ளே வைக்கும் மருந்து எதுவும் கூடாது.

அன்றைக்கு நடந்தது: ஸ்பெகுலம் வைத்து, பஞ்சுக் குச்சியால் யோனிச் சுவரில் சுழற்றி எடுத்து, ஒரு குழாய்க்குள் விட்டுக் குச்சியைக் கோடு போட்ட இடத்தில் உடைத்து மூடினார்கள். அது ஒன்றுமே இல்லை. அடுத்து கர்ப்பப்பை வாயைத் துடைத்துவிட்டு பைபெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டார்கள். பார்க்க பால்பாயின்ட் பேனா ரீஃபில் மாதிரிதான் இருக்கும். "ஒரு இருமு இருமும்மா" என்றார் சிஸ்டர், இருமினேன், அது உள்ளே போனது, உள்ளே இருக்கும் கம்பியைப் பின்னால் இழுத்தபோது அடிவயிறு ஒரு முறுக்கு முறுக்கியது. எண்டோ உள்ளவர்களுக்கு இது கூடுதலாகவே வலிக்கும், அரை மணி முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்த ரீஃபில் யோனி வழியாகத்தானே போகிறது, அங்கே இருப்பது ஒட்டிக்கொள்ளாதா என்று அப்போதே எனக்குத் தோன்றியது. இந்தத் துறையின் பெரிய தலைவலியே அதுதானாம். கர்ப்பப்பைக்குள் இருக்கும் பாக்டீரியா யோனியோடு ஒப்பிட்டால் அற்பம், அதனால் வழியில் ஒட்டியதும் லேப் ரசாயனத்தில் இருக்கும் துளி டிஎன்ஏவும்கூட முடிவைப் புரட்டிப்போடும். சீனாவின் ஷென்ஜெனில் 110 பெண்களிடம் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் அறுவை சிகிச்சையின்போதும் மாதிரி எடுத்தார்கள், அப்படி எடுத்தால் யோனியைத் தொடாமலே மேலே போகலாம். நமக்கு கிளினிக்கில் அந்த வசதி கிடையாது.

ரிப்போர்ட் வந்தது. யோனி மாதிரியில் பெரும்பகுதி லாக்டோபேசிலஸ் இனெர்ஸ், கொஞ்சம் கார்ட்னெரெல்லா (இதுவும் வஜைனோசிஸில் பெருகும் வகை). லாக்டோபேசிலஸ் என்றதும் நல்லது என்று சந்தோஷப்பட்டேன், ஆனால் நம்பகமான காவல்காரன் என்று பெயரெடுத்தது அதன் இன்னொரு வகையான கிரிஸ்பேட்டஸ்தான். இனெர்ஸ் நல்லவர்களோடும் இருக்கும், மற்றவர்களோடும் இருக்கும். கர்ப்பப்பை மாதிரிக்கு நேரே "போதிய டிஎன்ஏ இல்லை" என்று ஒரே வரி. இலவசமாக மறுபடி எடுத்துத் தருகிறோம் என்றார்கள்.

அதற்குள் மையத்திலிருந்து மருந்துச்சீட்டும் வந்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ், பிறகு உள்ளே வைக்கும் புரோபயாட்டிக் மாத்திரைகள். அதை எடுத்துக்கொண்டு எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனேன். அவர் கேட்டது நாற்றம் உண்டா, வெள்ளைப்படுதல் நிறம் மாறியிருக்கிறதா, அரிப்பு உண்டா என்பதுதான். இல்லை என்றேன். அவரே யோனியின் பிஎச் (அமிலத்தன்மை) பார்த்தார், 4.5-க்குக் கீழே, இயல்பாகவே இருந்தது. "அறிகுறி இருந்தா வஜைனோசிஸ்னு ட்ரீட் பண்ணுவேன், இந்தக் கலர் சார்ட்டைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் தர மாட்டேன்மா. இருக்கற நல்லதும் சேர்ந்து போயிடும்" என்றார். கர்ப்பப்பையில் 90% லாக்டோபேசிலஸ் இருக்க வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 2016-ல் வந்த ஒரு ஸ்பானிஷ் ஆய்வாம், அதில் இருந்தது 35 பெண்கள்.

மறு மாதிரி கொடுக்கவில்லை. அது எப்படி வந்தாலும் என் சிகிச்சையில் என்ன மாறும் என்று மையத்தில் கேட்டதற்கு, அதே ஆன்டிபயாட்டிக், அதே புரோபயாட்டிக் என்றுதான் பதில் வந்தது. ஃபுசோபாக்டீரியம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று தேடியும் பார்த்தேன். யோனி மாதிரியில் இல்லை. நகோயாவில் அதைக் கண்டுபிடித்தது கர்ப்பப்பைத் திசுவில், என்னுடையதில் அந்தப் பக்கம்தான் காலி. அந்தக் காசில் எம்ப்ரியோ ஃப்ரீசிங்குக்கு ஒரு பகுதியாவது கட்டியிருக்கலாம் என்கிறார் என் கணவர். கணக்கு சரிதான்.