4,600 கிலோமீட்டர் ஓடிய டயர்களை விற்றபோது

சென்ற டிசம்பரில் வாங்கிய பொலேரோவின் டயர்களை மே மாதமே விற்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாருக்கும் அது சரியாகப் படவில்லை. பட்டன் கூடத் தேயாத டயரைக் கழற்றுவது காசைக் கரியாக்குவதல்லவா என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் போடியிலிருந்து வாரத்தில் நான்கு நாட்கள் மலையேறி, போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பூப்பாறைக்கு அருகிலுள்ள எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் எனக்கு, தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து கொட்டகை வரை நீளும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதைதான் வண்டியின் உண்மையான சோதனை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்தப் பாதையில் சக்கரத் தடங்கள் பள்ளமாகி, நடுவில் நிற்கும் கல்லும் மண்ணும் வண்டியின் அடியை உரசத் தொடங்கும். தார்ச்சாலைக்கென்று வார்த்த டயரின் பட்டன்களுக்கு இடையிலுள்ள காடிகளில் சேறு அப்பிக்கொண்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பழைய ஜீப்பில் எத்தனையோ மாலைகள் ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளியிருக்கிறேன். இந்த மழைக்கு முன்னால் டயரை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கம்பெனி கொடுத்த அளவு 215/75 ஆர் 15. நான் எடுத்தது 235/75 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த விட்டம் 703.5 மில்லிமீட்டர், புதியது 733.5. விட்டத்தில் 30 மில்லிமீட்டர் கூடினால் வண்டியின் அடிப்பாகம் அதில் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர்தான் உயரும். இது பெரிய உயரமில்லை. ஆனால் எங்கள் பாதையில் கல் உரசுவதும் உரசாமல் போவதும் அந்த அளவில்தான் இருக்கிறது. இதற்கு விலையும் உண்டு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 62.6 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 1,000 கிலோமீட்டர் ஓடினால் ஓடோமீட்டர் 959 என்றுதான் காட்டும். சக்கரத்தின் கனம் கூடுவதால் ஏற்றத்தில் இழுவை சற்றுக் குறையும். விட்டத்தின் மாற்றம் 3 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆகவே ரிம் 235ஐ ஏற்கும் அகலமுடையதா, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தாலும் டயர் எங்கும் உரசாமல் இருக்கிறதா, மட்கார்டுக்கு வெளியே நீட்டாமல் இருக்கிறதா என்று ஆள் ஏற்றியும் ஏற்றாமலும் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; கேரளத்தில் சோதனையும் கடுமை. இதற்கு மேல் ஒரு சுற்றுப் பெரிய டயர் போடவோ, ஸ்பிரிங்கை உயர்த்தவோ எனக்கு எண்ணமில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

பழைய டயர்களை விற்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவற்றோடு உட்கார்ந்தேன். பக்கச்சுவரில் பொறித்திருந்த கடைசி நான்கு இலக்கங்கள் 3824. அதாவது 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் தயாரானவை. ஓடாத ஸ்டெப்னியில் ரப்பர் மயிர்கள்கூட உதிரவில்லை. அதன் காடியின் ஆழம் 8.5 மில்லிமீட்டர். பின்சக்கரங்களில் 7.8. முன்சக்கரங்களின் நடுவில் 7.6 இருந்தாலும் வெளிவிளிம்பில் 6.9தான் இருந்தது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் அந்த விளிம்பில்தான் எழுதப்பட்டிருந்தன. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர். இவையெல்லாம் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர்கள்.

ஆனால் இரண்டில் குறை இருந்தது. பின் இடது டயரில் ஆணி ஏறி, நடுப்பட்டையில் உட்புறமாகப் பஞ்சர் ஒட்டியது ஒன்று. மற்றது முன் வலது டயர். லாரிக்கு வழிவிடுவதற்காக ஒரு வளைவில் ஒதுங்கியபோது கல் கிழித்த வெட்டு பக்கச்சுவரில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நகக்கீறல் போலத்தான் தெரியும். கட்டைவிரலால் அழுத்தி விரித்தபோது, கறுப்பு ரப்பருக்கு அடியில் வெளிர் நிறத்தில் நூல் தெரிந்தது. நூல் தெரிந்த பக்கச்சுவரை ஒட்டவும் முடியாது, நம்பவும் முடியாது. வெட்டில் பசையை வைத்துக் கறுப்புப் பாலிஷ் தடவினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் கேட்ட கடையில் சொன்னார்கள். ஐந்துக்கும் சேர்த்து 6,000 ரூபாய் தருவதாகவும் சொன்னார்கள். அந்தப் பேச்சை நான் அங்கேயே முடித்துக்கொண்டேன். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு இதே மலையில் ஏறும் ஜீப்புகளை நான் தினமும் பார்க்கிறேன். அந்த டயர் போய்ச் சேரும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில் வாங்கியவரும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு பொலேரோக்காரர்தான். மாலையில் தன் மகனோடு வந்தார். அவருடைய முன்சக்கரங்கள் ஏறக்குறைய மொட்டை. காடிக்குள் இருக்கும் தேய்மான அடையாளக் கட்டை பட்டனோடு சமமாகிவிட்டிருந்தது. என் டயர்களைப் படுக்கவைத்து, உள்ளங்கையால் ஒரு பக்கமாகவும் பிறகு எதிர்ப்பக்கமாகவும் தடவிப் பார்த்தார். அலைன்மெண்ட் கெட்டிருந்தால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் சொரசொரப்பாகவும் கைக்குத் தெரியும். பஞ்சர் ஒட்டிய இடத்தில் நான் முன்பே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, விக்கிறவங்க இதை மறைக்கத்தான செய்வாங்க?” என்றார். டார்ச்சை வாங்கி உட்புறத்தையும் பார்த்தார். ஒன்று 3,500 ரூபாய் என்று பேசி, பஞ்சருக்காக 500 குறைத்து, நான்குக்கும் சேர்த்து 13,500 கொடுத்தார். கடைக்காரர் ஐந்துக்குச் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆழம் கூடிய இரண்டையும் பின்பக்கம் போடச் சொன்னேன். ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம். அளவெடுத்து எழுதிவைத்திருந்த காகிதத்தையும் அவருடைய மகன் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டான்.

ஐந்தாவது டயரை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்து, ஸ்டெப்னிக்காவது ஆகுமே, தரக்கூடாதா என்று கேட்டார். விரலால் வெட்டை விரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. மறுநாள் தோட்டத்தில், இன்னொரு வண்டியில் ஏற முடியாதபடி அதன் பக்கச்சுவர் இரண்டையும் வெட்டி எடுத்தேன். மிஞ்சிய பட்டையில் கொசு முட்டையிடும்படி மழைநீர் தேங்காமலிருக்கத் துளைகள் போட்டு, கொட்டகைக்கு ஏறும் கடைசித் திருப்பத்தில் மண் சரியும் இடத்தில் பாதியளவு புதைத்து வைத்திருக்கிறேன்.