கச்சான் காத்துல ஒரு ஹை ஜம்ப் டைரி

8 ஜூலை 2024, தங்கச்சிமடம்
நேத்து ராத்திரி பாரிஸ் டயமண்ட் லீக்ல உக்ரைன் பொண்ணு யாரோஸ்லாவா மகுச்சிக் 2.10 மீட்டர் தாண்டிட்டா!! காலைல போன்ல பாத்ததுல இருந்து எனக்கு வேற வேலையே ஓடல. 1987ல ரோம்ல ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா வச்ச 2.09, நான் ஹை ஜம்ப் ஆடுன காலம் பூரா அசையாம நின்ன உலக ரெக்கார்ட், 37 வருஷம் கழிச்சு ஒரே ஒரு சென்டிமீட்டர்ல போயிருச்சு. 2.07ஐ ரெண்டாவது தடவைல தாண்டிட்டு 2.10ஐ முதல் தடவையிலேயே தாண்டியிருக்கா. ஸ்கூல் சுவத்துல டேப் வச்சு 2.10ல சாக்பீஸ் கோடு போட்டேன், எம்பித்தான் தொட முடியுது. நான் ஹை ஜம்ப் பழக்குற எட்டாப்பு பிள்ளை அண்ணாந்து பாத்துட்டு "மிஸ், எங்க வீட்டு நிலைக்கு மேல போயிருவா போல"ங்கிறா.

21 ஜூலை
கச்சான் ஆளையே தள்ளுது, பார் நிக்கவே இல்ல. தாண்டுனதுக்கு அப்புறம் காத்து தட்டி விழுந்தா அது தப்பு ஜம்ப் இல்லன்னு சொல்லியும் பிள்ளைக்கு அழுகை.
பாரை ஓரமா வச்சுட்டு ஈர மணல்ல ரன்-அப் மட்டும் ஓட விட்டேன். கால்தடத்த பாத்தாதான் புரிஞ்சது: கடைசி அஞ்சு ஸ்டெப் வளைஞ்சு வரணும், இவ மூணாவதுலயே நேராக்கிடுறா, அதான் உடம்பு பார் மேல சாயுது. இத்தனை நாளா கையச் சொல்லிட்டு இருந்தேன், தப்பு காலுல இருந்திருக்கு.

5 ஆகஸ்ட்
ராத்திரி ஒரு மணி தாண்டியும் முழிச்சிருந்து ஒலிம்பிக் ஃபைனல் பாத்தேன். மகுச்சிக்கும் ஆஸ்திரேலியா நிக்கோலா ஒலிஸ்லாகர்ஸும் ரெண்டு பேருமே 2.00, மகுச்சிக் முதல் தடவையிலேயே தாண்டுனதால தங்கம் அவளுக்கு. என்னைய கட்டிப் போட்டது ஜம்ப் கூட இல்ல, நடுவுல ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள படுத்துக் கெடந்தா பாருங்க, அதுதான். 2022ல போர் ஆரம்பிச்சப்ப ஊர விட்டுக் கிளம்பி மூணு நாள் கார்லயே 2,000 கிலோமீட்டருக்கு மேல போயி பெல்கிரேட்ல உலக இண்டோர் தங்கம் வாங்குனவ. அவ்ளோ பெரிய ஸ்டேடியத்துல கண்ண மூடிப் படுக்க முடியுதுன்னா அந்த மனசு எப்படிப்பட்டதுன்னு நெனச்சு நெனச்சு தூக்கமே வரல.
எங்க பிள்ளை ஒரு தடவை தட்டிவிட்டா மூச்சு வாங்குறதுக்குள்ள திரும்ப ஓடி வந்துருவா. அத மாத்தணும்.

31 மே 2025
கொரியா குமில ஏசியன் சாம்பியன்ஷிப், நம்ம பூஜா 1.89 தாண்டி தங்கம். ஹரியானா கொத்தனார் மக, வைக்கோல் அடச்ச சாக்கு மேல விழுந்து, மூங்கில் கம்ப பாரா வச்சுப் பழகுனவ. சஹானா குமாரி 2012ல வச்ச நேஷனல் ரெக்கார்ட் 1.92க்கு இன்னும் மூணு சென்டிமீட்டர்தான்.
இத பிள்ளையோட அப்பாகிட்ட சொன்னேன். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையிலதான் கெடக்கு, மனுசன் பதிலே பேசாம வீட்டுக்குப் போயி சாக்குல வைக்கோல் அடச்சு, மேல பழைய வலைய ரெண்டு மடிப்பாப் போட்டு நாலு பக்கமும் கயித்தால இறுக்கிக் கட்டிட்டாரு. "டீச்சரம்மா, இது நகராது, விழச் சொல்லுங்க"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.
சாயங்காலம் 1.38 வச்சோம். ரெண்டு தடவை தட்டிட்டா. அங்கிட்டு படகு நெழல்ல போயி அவளா மல்லாக்கப் படுத்தா, கண்ண மூடி, நெஞ்சு மேல கைய வச்சு. நான் கூப்பிடல, அவங்கப்பாவும் கூப்பிடல. ரொம்ப நேரம் கழிச்சு எந்திரிச்சு முதுகு மணலத் தட்டிட்டு ஓடி வந்தா, பார் ஆடிச்சு, ஆடி ஆடி அப்படியே நின்னுருச்சு. கால்தடத்த போயிப் பாத்தேன், அஞ்சு ஸ்டெப்பும் வளைஞ்சு இருந்துச்சு.