மருந்து கேட்கிறதா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருக்கிறது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் அவர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மருந்து கேக்குதாப்பா?"

வழக்கமாக இதற்கு விடை கட்டியின் அளவில் தேடப்படுகிறது. சிகிச்சையின் பலனை மதிப்பிட 2009-இல் திருத்தப்பட்ட ரெசிஸ்ட் விதிகளின்படி, கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிய தொகை 30 விழுக்காடு குறைந்தால்தான் பலன் என்று கணக்கு. அது தெரியச் சில சுற்றுகள் கடந்துவிடும். எலும்பின் நிலை இன்னும் சிக்கலானது. எலும்பு ஸ்கேனில், ஆறிவரும் இடமே முதல் சில மாதங்களுக்குக் கூடுதலாக ஒளிர்ந்து, நோய் முற்றியதுபோல் ஏமாற்றக்கூடும்.

டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. என்னும் ஸ்கேன் முறையோ கட்டியின் அளவைப் பார்ப்பதில்லை, திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைப் பார்க்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவான எம்.சி. ரோட்டில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. கடைகள் அடைத்தபின் அதே தெருவில் நினைத்த பக்கம் நடக்கலாம். புற்றணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் கட்டியில் நீருக்கு வழியில்லை. மருந்தால் அணுக்கள் மடிந்து அவற்றின் சவ்வுகள் சிதையும்போது வழி திறக்கிறது, நீரின் நகர்வைக் காட்டும் ஏ.டி.சி. என்னும் எண் உயர்கிறது. கட்டி சுருங்குவதோ அதன் பிறகுதான். (படத்தைக் காட்டியபோது விளங்காத பெரியம்மாவுக்கு, எம்.சி. ரோடு என்றதும் விளங்கிவிட்டது.) மார்பகத்திலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளைப் பற்றி 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பலன் தந்த கட்டிகளில் இந்த உயர்வு மருந்து தொடங்கிய நான்காம் நாளிலோ பதினொன்றாம் நாளிலோ தென்பட்டது.

ஆயினும் இந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தை மாற்றுவது சரியாகாது என்பதே என் கருத்து. மூச்சோடு கல்லீரல் அசைவதால் அளவீடு பிசகும். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் வேறுபடும். எலும்பில் முதலில் உயரும் எண், குணமான மஜ்ஜையில் கொழுப்பு திரும்பும்போது மறுபடி இறங்கும். அதைத் தோல்வியென்று படிக்கவும் இடமுண்டு.

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் கேட்பதற்கு இரண்டு கேள்விகளை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: மருந்தை மாற்ற நேர்ந்தால், புதியதைத் தொடங்குமுன் ஒப்பிடுவதற்கென ஒரு டிஃப்யூஷன் படம் எடுக்க முடியுமா, பிந்தைய படத்தையும் அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் எடுப்பார்களா?